தி.நகர்ல எங்க தெருவுல ஒரு மனையை கமர்ஷியலா மாத்த பேப்பர்ல விளம்பரம் வந்திருக்கு, ஆட்சேபனை எழுதினா எடுபடுமா?

கிழக்கு_மாம்பலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். உஸ்மான் ரோட்டுலேந்து பிரியற ஒரு தெருவுல எங்க வீடு, தெரு பேரு இங்க வேணாம். ரெண்டு வீடு தள்ளி ஒரு பழைய பங்களா இருக்கு, அஞ்சு கிரவுண்டு, அந்த வீட்டுப் பெரியவர் தவறினதுக்கப்புறம் பசங்க வந்து வித்துட்டாங்க, வாங்கினது ஒரு கம்பெனி. போன வாரம் தமிழ் பேப்பர்ல உள்பக்கத்துல சின்னதா ஒரு விளம்பரம் வந்துச்சு, அம்மாதான் பாத்தாங்க. டி.எஸ். நம்பர் (டவுன் சர்வே எண்), பிளாக் நம்பர் எல்லாம் போட்டு, இந்த மனையை பிரைமரி ரெசிடென்ஷியல்லேந்து (முதன்மைக் குடியிருப்பு) கமர்ஷியலா நில உபயோக மாற்றம் பண்ணக் கேட்டிருக்காங்க, ஆட்சேபனையோ கருத்தோ இருந்தா சி.எம்.டி.ஏ-வுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இத்தனை நாளுக்குள்ள எழுத்துமூலமா குடுங்கன்னு. அம்மாவுக்கு டி.எஸ். நம்பர் மனப்பாடம்கறதால கண்ணுல பட்டுச்சு, இல்லேன்னா தெருவுல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

தெருவுல இப்ப ரெண்டு கட்சி. ஒரு மனை கமர்ஷியலாச்சுன்னா நம்ம எல்லாரோட இடத்துக்கும் மதிப்பு ஏறும், எதுக்கு தடுக்கணும்னு எதிர்வீட்டு மாமா சொல்றாரு. அவரு சொல்றதும் புரியுது, அவருக்கு பொண்ணுங்க வெளியூர்ல, வித்துட்டு போயிடற எண்ணம். எங்களை மாதிரி இங்கேயே இருக்கப்போறவங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்குது. தீபாவளிக்கு முன்னாடி மூணு வாரம் எங்க தெருவுல ஆம்புலன்ஸ் வரணும்னா வர முடியாது, அது இப்பவே. 2021 நவம்பர் மழையில வாசப்படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு, கீழ் போர்ஷன்ல இருந்தவங்களை மாடிக்கு ஏத்தி வச்சிருந்தோம்.

நான் கேக்கறது இதுதான். இந்த மாதிரி ஆட்சேபனை எழுதினா யாராவது உக்காந்து படிக்கறாங்களா, இல்ல சட்டத்துல இருக்கேன்னு விளம்பரம் குடுத்துட்டு ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்களா? எழுதறதுன்னா என்ன எழுதணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, கெடு முடிய ரொம்ப நாள் இல்ல.


பழைய_பிளானர் எழுதியது:

அம்மா பேப்பர் பாத்தது பெரிய விஷயம், முதல்ல அதை சொல்லிடறேன். நான் டவுன் பிளானிங்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி ஃபைல் நிறைய பாத்திருக்கேன்.

என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். 1971-ல வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. சென்னைக்கு இப்ப நடப்புல இருக்கறது ரெண்டாவது மாஸ்டர் பிளான், 2008 செப்டம்பர்ல அறிவிச்சது, 2026 வரைக்கும்னு போட்டது. அதுல ஊர்ல இருக்கற ஒவ்வொரு மனைக்கும் ஒரு கலர் உண்டு, பிரைமரி ரெசிடென்ஷியல், மிக்ஸ்ட் ரெசிடென்ஷியல், கமர்ஷியல், இன்ஸ்டிடியூஷனல் இப்படி. அந்தக் கலரை ஒரு மனைக்கு மட்டும் மாத்தறதுக்கு சட்டத்துல 32-வது பிரிவு, 4-வது உட்பிரிவுல வழி வச்சிருக்கு. அதுக்குத்தான் இந்த விளம்பரம். ஆட்சேபனை வந்தா அதையும் சேத்து டெக்னிக்கல் கமிட்டில வைப்பாங்க, அப்புறம் சி.எம்.டி.ஏ அத்தாரிட்டி கூட்டம், அரசு, கடைசியில கெஜட்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. நில உபயோக மாற்றம் வேற, பிளானிங் பர்மிஷன் வேற. உபயோக மாற்றத்துக்கு மட்டும்தான் அக்கம்பக்கத்துல கருத்து கேப்பாங்க. அது முடிஞ்சு கட்டடத்துக்கு வரைபடம் போட்டு 49-வது பிரிவுல பர்மிஷன் கேக்கும்போது உங்களை யாரும் கேக்க மாட்டாங்க, அப்ப விளம்பரமும் கிடையாது. அதனால உங்களுக்குப் பேச கிடைக்கற இடம் இது ஒண்ணுதான், இதை விட்டா கோர்ட்டு.

அப்புறம் இன்னொண்ணு. "நாங்க சின்னதா ஆபீஸ்தான் கட்டறோம்"னு கம்பெனிக்காரங்க தெருவுல சொல்லுவாங்க. உபயோக மாற்றம் ஒட்டிக்கறது நிலத்தோட, அவங்க வாக்குறுதியோட இல்ல. கமர்ஷியல்னு கெஜட்ல வந்துட்டா அந்த ஜோன்ல என்னென்ன அனுமதியோ எல்லாம் வரலாம். இன்னைக்கு ஆபீஸ், நாளைக்கு வித்துட்டாங்கன்னா ஜவுளிக்கடை.

ஆட்சேபனையில நிறைய பேர் பண்ற தப்பு, "பெரிய கட்டடம் வந்துடும்"னு எழுதறது. அது நிக்காது. 2019-ல வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி சாதாரண கட்டடத்துக்கு, அதாவது 18.30 மீட்டர் உயரத்துக்குள்ள இருந்தா, எஃப்.எஸ்.ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற அளவு, 2. ஃபிளாட்டா கட்டினாலும் 2, கடையா கட்டினாலும் 2. அதுக்கு மேல பிரீமியம் எஃப்.எஸ்.ஐ காசு கட்டி வாங்கலாம், ரோடு 9 மீட்டர்லேந்து 12 மீட்டருக்குள்ள இருந்தா 30 சதவீதம், 12-லேந்து 18-க்குள்ள 40, 18-க்கு மேல 50. அஞ்சு கிரவுண்டுன்னா 12,000 சதுர அடி, 24,000 சதுர அடி கட்டலாம், பிரீமியம் சேத்தா உங்க தெரு 30 அடி ரோடுன்னு வச்சிக்கிட்டா 31,200 வரைக்கும் போகும். அவங்க அபார்ட்மெண்ட் கட்டினாலும் இதே அளவு கட்டடம்தான் வரும். ஆக உயரத்தைப் பத்தி பேசாதீங்க, உபயோகத்தைப் பத்தி பேசுங்க. 31,000 சதுர அடி வீடுன்னா ஒரு இருபது, இருபத்தஞ்சு குடும்பம். அதே 31,000 சதுர அடி கடைன்னா ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போவாங்க, சரக்கு லாரி எந்த நேரத்துல எங்க நிக்கும், கஸ்டமர் வண்டி எங்க நிக்கும், குப்பை எங்க போகும், ஜெனரேட்டர் யார் ஜன்னல் பக்கம் வரும், இதுதான் வித்தியாசம். இதைத்தான் எழுதணும்.

அஞ்சு கிரவுண்டுங்கறதால ஓ.எஸ்.ஆர்., அதாவது பொதுவுக்கு விடற திறந்தவெளி, எதுவும் வராது. 3,000 சதுர மீட்டருக்கு மேல போனாத்தான் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விடணும் இல்ல பணம் கட்டணும்ங்கற கணக்கு, 10,000-க்கு மேல போனா இடமாவே குடுத்தாகணும். உங்க மனை கிட்டத்தட்ட 1,100 சதுர மீட்டர். அதனால இந்த மாற்றத்துல தெருவுக்குன்னு ஒரு அடி பொது இடம்கூட வராது, அதையும் எழுதலாம்.


பாண்டிபஜார்_கடை எழுதியது:

நான் வியாபாரி, எங்க தாத்தா காலத்துலேந்து இந்த ஏரியாவுலதான் கடை. கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் மறுபக்கமும் சொல்றேன்.

தி.நகர்னு இன்னைக்கு நாம சொல்ற ஊரே வீடு கடையா மாறி மாறித்தான் வந்துச்சு. 1920-கள்ல ஏரியை, லாங் டேங்க்னு சொல்வாங்களே அதை, தூர்த்து பிளான் போட்டு பனகல் பார்க்கை நடுவுல வச்சு வீட்டு மனைகளா போட்ட ஊரு. 1928-லயே பட்டு ஜவுளிக்கடை வந்தாச்சு, அப்புறம் வீடு முன்பக்கம் கடையாச்சு, அப்புறம் முழு வீடும் கடையாச்சு. அதை நம்பித்தான் நெல்லை, தூத்துக்குடி, ராமநாதபுரம்னு எங்கெங்கேந்தோ வந்த ஆயிரக்கணக்கான பசங்க பொழைக்கறாங்க. மெயின் ரோட்டுல வாடகை என்னன்னு உங்களுக்கே தெரியும், சின்ன வியாபாரி இனிமே உள்தெருவுக்குத்தான் வர முடியும். எல்லா மாற்றத்தையும் தடுத்தா மெயின் ரோட்டுல பெரிய கடைக்காரங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க.

ஆனா ஒரு விஷயத்துல உங்க பக்கம் நிக்கறேன், அது தீ. 2008 செப்டம்பர்ல ரங்கநாதன் தெரு தீ விபத்துல ரெண்டு ஊழியருங்க இறந்தாங்க. 2017 மே 31-ம் தேதி உஸ்மான் ரோட்டுல ஏழு மாடி ஜவுளிக்கடை எரிஞ்சப்போ தண்ணி அடிச்சு அடிச்சு அணைக்க முடியாம, கடைசியில கட்டடத்தையே இடிக்க வேண்டியதா போச்சு. ராத்திரியெல்லாம் புகை, அக்கம்பக்கம் கடையெல்லாம் பூட்டிக்கிடந்துச்சு. உஸ்மான் ரோடு அகலத்துலயே அந்தக் கதின்னா உங்க தெருவுல? அதனால கடை வரக்கூடாதுன்னு எழுதாதீங்க, தீயணைப்பு வண்டி உள்ள வந்து திரும்பற அளவுக்கு ரோடு இருக்கான்னு கேளுங்க. அதுக்கு பதில் சொல்ல முடியாம யாரும் கையெழுத்து போடக்கூடாது. வேலை பாக்கற பசங்க உசுரும் அதுலதான் இருக்கு.


வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

பிளானர் சார் மேல சொன்ன மாதிரி உபயோகத்தைப் பத்தி எழுதறதுதான் சரி. நான் கோர்ட்டு பக்கத்துலேந்து ரெண்டு மூணு விஷயம் சேக்கறேன்.

"எடுபடுமா"ன்னு கேட்டிருந்தீங்க. எழுதினதால நிச்சயம் நின்னுடும்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா எழுதாம விட்டா பின்னாடி ஹைகோர்ட்டுல அரசியல் சாசனம் 226-ல ரிட் மனு போடும்போது முதல் கேள்வியே "கருத்து கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க"ங்கறதுதான். எழுதி, அக்னாலட்ஜ்மெண்ட் வாங்கி வச்சிருந்து, அந்தக் காரணங்களைத் தொடாமலேயே ஆர்டர் வந்திருந்தா அப்ப நமக்கு பேச ஒரு பிடி இருக்கு.

சென்னையில கட்டட விதிமீறல் கதை உங்களுக்கு ஓரளவு தெரிஞ்சிருக்கும். 1998-ல அதே நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏ-ன்னு ஒரு பிரிவு கொண்டுவந்தாங்க, விதிமீறி கட்டினவங்க பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு. ஒரு தடவைக்குத்தான்னு சொன்னது, அப்புறம் தேதியைத் தள்ளித் தள்ளி வச்சாங்க. 2006-ல ஹைகோர்ட்டு அந்த ஒரு தடவையை ஒத்துக்கிட்டு, மறுபடி மறுபடி நீட்டினதை ரத்து பண்ணிச்சு. அதுக்கப்புறம் 2007-ல அவசரச் சட்டம், பின்னாடி 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன்னாடி கட்டினதுக்கெல்லாம் வழி. இதுலேந்து எனக்கு புரிஞ்சது என்னன்னா கட்டடம் எழும்பினதுக்கப்புறம் அதை இறக்கறது இந்த ஊர்ல மலையைப் புரட்டற வேலை. 56, 57 பிரிவுல சீல் வைக்கலாம், அதுக்கு மேல அரசுக்கு 80-ஏ அப்பீல், அப்பீல் நிலுவையில வருஷம் ஓடும். அதனால செங்கல் வைக்கறதுக்கு முன்னாடி, பேப்பர்ல இருக்கும்போதே பேசறதுதான் செலவும் கம்மி பலனும் ஜாஸ்தி.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போடலாமான்னு கேப்பீங்க. போடுங்க, பத்து ரூபாதான், ஆனா பதிலுக்கு 30 நாள் இருக்கு, உங்க கெடு அதுக்குள்ள முடிஞ்சிடும். ஆட்சேபனையை முதல்ல குடுத்துட்டு ஆர்.டி.ஐ-யை கூடவே போடுங்க. விண்ணப்பத்துல சொன்ன ரோடு அகலம் என்ன, கேட்டிருக்கற காரணம் என்ன, சைட் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் காப்பி, இந்த மூணும் கேளுங்க. எழும்பூர் காந்தி இர்வின் ரோட்டுல தாளமுத்து நடராசன் மாளிகைதான் சி.எம்.டி.ஏ ஆபீஸ், நேர்ல போய் தபால் பிரிவுல ரெண்டு காப்பி குடுத்து ஒண்ணுல சீல் வாங்கிடுங்க. ஸ்பீடு போஸ்ட்லயும் ஒண்ணு அனுப்பிடுங்க.


கடல்தாண்டி எழுதியது:

நான் மாம்பலத்துக்காரன்தான், இப்ப பல வருஷமா சான் ஃபிரான்சிஸ்கோ. இங்க இந்த மாதிரி முடிவெல்லாம் எடுக்கறது பிளானிங் கமிஷன், ஏழு பேர், நாலு பேரை மேயர் நியமிக்கறாரு, மூணு பேரை கவுன்சில் மாதிரி இருக்கற சூப்பர்வைசர் போர்டோட தலைவர் நியமிக்கறாரு. வியாழக்கிழமை சிட்டி ஹால்ல கூட்டம், யார் வேணா போய் மைக் முன்னாடி நின்னு பேசலாம், வீடியோ ஆன்லைன்ல இருக்கும். பெரிய மாற்றம்னா மனை வாசல்லயே பெரிய நோட்டீஸ் ஒட்டணும், சுத்தி இருக்கறவங்களுக்கு தபால் வரும். அம்மா பேப்பரோட உள்பக்கத்துல தற்செயலா பாத்து கண்டுபிடிச்சாங்கன்னு படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. மனை கேட்டுல ஒரு போர்டு மாட்டறதுக்கு பெரிய சட்டத்திருத்தம் தேவையா என்ன? நம்ம ஊர்ல இதைக் கேக்கணும், உங்க ஒரு மனைக்காக மட்டும் இல்ல, எல்லா மனைக்கும்.

ஆனா இங்க நடந்த கெடுதலையும் சொல்லிடறேன். வேலைநாள்ல மத்தியானம் கூட்டத்துக்கு வர முடியறவங்க யாரு? சொந்த வீடு இருக்கற ரிட்டயர்டு ஆளுங்க. வாடகைக்கு இருக்கறவன், ரெண்டு வேலை பாக்கறவன் வரமாட்டான். நிழல் விழுது, பார்க்கிங் போயிடும்னு சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கா வீடு கட்டறதையே தள்ளிப்போட்டாங்க, வாடகை எங்கேயோ போயிடுச்சு. கடைசியில கலிஃபோர்னியா மாநில அரசே 2017-ல எஸ்.பி. 35-னு சட்டம் போட்டு, வீட்டு இலக்கை எட்டாத ஊர்ல விதிக்கு உட்பட்ட வீட்டுத் திட்டத்துக்கு கூட்டம் கூட்டி தடுக்கற அதிகாரத்தை குறைச்சுடுச்சு. 2021-ல எஸ்.பி. 9 வந்து, தனி வீடு மட்டும்னு வச்சிருந்த மனையையும் ரெண்டா பிரிக்க வழி பண்ணிச்சு. அதனால ஆட்சேபனை எழுதும்போது "எங்க தெரு எப்பவும் இப்படியே இருக்கணும்"னு எழுதாதீங்க. அந்த மனையில வீடு வரட்டும், இருபது குடும்பத்துக்கு இடம் கிடைக்கட்டும், கடை மட்டும் இந்த ரோடு அகலத்துக்கு வேணாம்னு எழுதினா அது நியாயமான வாதம்.


மலைக்கோட்டை எழுதியது:

திருச்சிலேந்து எழுதறேன், சம்பந்தம் கொஞ்சம் தூரம்தான் ஆனா சொல்லணும்னு தோணுது. காந்தி மார்க்கெட்டு நெரிசலைக் குறைக்கணும்னு ஊருக்கு வெளில மதுரை ரோட்டுல கள்ளிக்குடியில 70 கோடிக்கு மேல செலவு பண்ணி மார்க்கெட்டு கட்டி 2017-ல திறந்தாங்க. வியாபாரிங்க போகல. கடை அளவு சின்னது, ஊரைவிட்டு தூரம், சில்லறை வியாபாரி அங்க வரமாட்டான், இதெல்லாம் கட்டறதுக்கு முன்னாடியே யாராவது காந்தி மார்க்கெட்டுல ஒரு விடியக்காலம் நின்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். கட்டடம் சும்மா கெடந்துச்சு, நெரிசல் அப்படியே இருந்துச்சு.

அதே மாதிரி சென்னையில 1996-ல கொத்தவால் சாவடியை கோயம்பேட்டுக்கு மாத்தினாங்க, அது நடந்துச்சு. ஏன்னா 295 ஏக்கர்ல இடம், கூடவே அதே வருஷம் மொத்த வியாபாரத்தை வேற இடத்துல நடத்தக்கூடாதுன்னு தனிச் சட்டமும் வந்துச்சு. சட்டம் ஒரு காரணம்தான், ஆனா லாரி வந்து திரும்ப இடம் இருந்துச்சு பாருங்க, அதுதான் பெருசு. எந்த இடத்துக்கு எந்த உபயோகம்னு முடிவு பண்றவங்க வண்டி எப்படி வரும், சுமை யார் இறக்குவாங்கன்னு பாத்தா பாதி தகராறு வராது. கிழக்கு மாம்பலம் மேடம், உங்க தெருவுல சரக்கு இறக்கறது எங்கன்னு ஒரு கேள்வி மறக்காம போடுங்க.


தெருவோரம் எழுதியது:

எல்லாரும் வீட்டுக்காரங்க, கடைக்காரங்கன்னு பேசறீங்க, நடைபாதை வியாபாரிங்க பத்தி ஒரு வரிகூட இல்ல. பாண்டி பஜார்ல 2013-ல நடைபாதைக் கடைக்காரங்களை எடுத்து மாடிக் கட்டடத்துக்கு மாத்தினாங்க, 2019 நவம்பர்ல ஸ்மார்ட் சிட்டில அகலமா நடைபாதை போட்டு திறந்தாங்க. நடைபாதை நல்லா இருக்கு, குழந்தைங்களை கூட்டிட்டு நடக்க முடியுது, அதை மறுக்கல. ஆனா தெருவோர வியாபாரம்கறது நடந்துபோறவன் கண்ணுல படறது, மாடி ஏறி வந்து யாரும் நூறு ரூபா கம்மல் வாங்கமாட்டாங்க. 2014-ல மத்திய அரசு தெருவோர வியாபாரிகள் சட்டம் போட்டுச்சு, நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதம் வியாபாரிங்களே இருக்கணும், அதுலயும் மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க இருக்கணும்னு. எங்க விக்கலாம் எங்க கூடாதுன்னு தீர்மானிக்கற எடத்துல விக்கறவங்களும் இருக்கணும்கற எண்ணம் அது.

உங்க தெருவுல பெரிய கடை வந்தா கூடவே தள்ளுவண்டி, டீக்கடை, பூக்கடை வரும். அவங்களை பின்னாடி ஆக்கிரமிப்புன்னு துரத்தறதுக்கு பதிலா அவங்களுக்கும் இடம் எங்கன்னு இப்பவே கேக்கறது நல்லது.


பழைய_பிளானர் எழுதியது:

கடல்தாண்டி தம்பி சொன்னதுக்கு ஒண்ணு சேக்கணும். நம்ம ஊர்ல சட்டமே இல்லாம இல்ல. அரசியல் சாசனத்துல 74-வது திருத்தம் வந்து பன்னிரண்டாவது அட்டவணைன்னு போட்டாங்களே, அதுல முதல் இனமே நகரத் திட்டமிடல், ரெண்டாவது இனம் நில உபயோகத்தையும் கட்டடம் கட்டறதையும் ஒழுங்குபடுத்தறது. உள்ளாட்சிக்கு குடுக்கலாம்னு போட்ட பட்டியலோட தலையில இருக்கற ரெண்டு வேலை. 243-இசட்.இ-ல பெருநகரத் திட்டக்குழுன்னு ஒண்ணு, மூணுல ரெண்டு பங்கு ஆளுங்க மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதிங்களுக்குள்ளயே தேர்ந்தெடுத்து வரணும். சென்னையில திட்டமிடற வேலை இன்னும் சி.எம்.டி.ஏ-கிட்டதான், அதுக்கு தலைவர் அமைச்சர். உங்க வார்டு கவுன்சிலருக்கு உங்க தெருவுல ஒரு மனை கமர்ஷியலா மாறுதான்னு தீர்மானிக்கற ஓட்டு கிடையாது. இது எனக்கு வேலையில இருந்தப்பவும் உறுத்தின விஷயம், இப்பவும் உறுத்துது. ஊரை விரிவாக்கி எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்லேந்து 5,904-க்கு 2022-ல கொண்டு போயிட்டாங்க, அவ்வளவு பெரிய பரப்புக்கு ஒரே ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு தெருவோட நெருக்கடியையும் எப்படி பாக்க முடியும்? தெருக்காரங்க எழுதினாத்தான் ஃபைல்ல அந்தத் தெரு தெரியும், இல்லேன்னா அது ஒரு டி.எஸ். நம்பர் மட்டும்தான்.

மூணாவது மாஸ்டர் பிளான் 2027-லேந்து 2046 வரைக்கும்னு வேலை நடந்துட்டிருக்கு. அதுல உங்க தெருவுக்கு என்ன கலர் வரப்போகுதுன்னு பாருங்க, அதுக்கும் கருத்து கேப்பாங்க, அப்பவும் எழுதுங்க. ஒரு மனைக்கு ஆட்சேபனை எழுதறதைவிட அது பத்து மடங்கு பெருசு, ஆனா அதுக்கு எழுதறவங்க ரொம்பக் கம்மி, ஏன்னா பக்கத்து வீடு இடியறதைப் பாத்தாத்தான் நமக்கு உறைக்குது.

வார்டுல ஏரியா சபை கூட்டம் நடந்தா அதுலயும் ஒரு தீர்மானமா இதைப் போடச்சொல்லுங்க. கட்டுப்படுத்தாதுன்னாலும் ஃபைல்ல இணைக்கலாம்.


கிழக்கு_மாம்பலம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பாக்கல. நேத்து ராத்திரி தெருவுல பதினோரு வீட்டுக்காரங்க எங்க வீட்டு மாடியில உக்காந்து பேசினோம், எதிர்வீட்டு மாமாவும் வந்தாரு. கடல்தாண்டி சார் சொன்ன அந்த வாதத்தைச் சொன்னேன், வீடு வரட்டும் கடை வேணாம்னு. மாமா யோசிச்சுட்டு, அபார்ட்மெண்ட் கட்ட குடுத்தாலும் என் இடத்துக்கு நல்ல விலை கிடைக்குமேன்னு அவரே சொல்லி கையெழுத்து போட்டாரு. ரெண்டு பேர் போடல, பரவாயில்ல.

எழுதினது சுருக்கமா இது, சரியான்னு பாருங்க:

"மேற்படி மனையை வணிக உபயோகத்துக்கு மாற்றுவதற்கு நாங்கள் ஆட்சேபனை தெரிவிக்கிறோம். தெருவின் அகலம் ஆவணத்தில் 30 அடி. நேரில் அளந்ததில் ஒரு இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் மின்பெட்டியும் போக 22 அடிதான் வண்டி போக இருக்கிறது (புகைப்படம் இணைப்பு). தெருவின் மறுமுனை அடைப்பு, தீயணைப்பு வண்டி உள்ளே வந்தால் திரும்ப இடமில்லை. 2021 நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றது (புகைப்படம் இணைப்பு). சரக்கு இறக்கவும் வாடிக்கையாளர் வாகனம் நிறுத்தவும் மனைக்குள் என்ன ஏற்பாடு என்று தெரிவிக்கப்படவில்லை. தெருவில் ஏழு வீடுகளில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மனை குடியிருப்பாகவே இருந்து அடுக்குமாடி வீடுகள் வருவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. முடிவெடுக்கும் முன் தெருவை நேரில் பார்வையிடவும், எங்களை நேரில் விசாரிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

நடைபாதை வியாபாரிங்க பத்தி எங்க தெருவுல இப்ப யாரும் இல்லாததால இதுல சேக்கல, ஆனா பூ விக்கற அக்கா ஒருத்தங்க முனையில உக்காருவாங்க, அவங்ககிட்டயும் பேசறேன்.


வக்கீல்_குமாஸ்தா எழுதியது:

நல்லா இருக்கு. மூணு திருத்தம். விளம்பரம் வந்த பேப்பர் பேரு, தேதி, அதுல இருக்கற குறிப்பு எண், மனையோட டி.எஸ். நம்பர், பிளாக், கிராமம் எல்லாத்தையும் பொருள்னு தலைப்புல போட்டுடுங்க, இல்லேன்னா சரியான ஃபைல்ல சேராது. 22 அடின்னு எழுதினதுக்கு அளந்த தேதி, அளந்த இடம் எந்த கதவு எண்ணுக்கு எதிர்லன்னு போடுங்க, டேப்போட எடுத்த படம்னா இன்னும் நல்லது. "விசாரிக்கவும்"ங்கறதோட "எங்கள் ஆட்சேபனை மீது எடுக்கும் முடிவை காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்கவும்"னு ஒரு வரி சேருங்க.

கையெழுத்து போட்ட ஒவ்வொருத்தரும் கதவு எண்ணும் போடணும், வாடகைக்கு இருக்கறவங்களும் போடலாம், சொந்தக்காரங்க மட்டும்தான்னு எங்கேயும் இல்ல. கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே போய் குடுத்துடுங்க.


பழைய_பிளானர் எழுதியது:

தீயணைப்பு வண்டி விஷயத்தை முதல் வரிக்குக் கொண்டு வாங்கம்மா. டெக்னிக்கல் கமிட்டில நோட் தயார் பண்றவர் முதல் பாயிண்டைத்தான் அப்படியே எடுத்து எழுதுவாரு. ஒரு காப்பியை தீயணைப்புத் துறைக்கும், ஒரு காப்பியை மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பிட்டு, அனுப்பினோம்னு மனுவோட அடியில "நகல்"னு போடுங்க.